பாட்டியின் நாற்காலியும் பாயின் இருப்பிடமும்: ஆயர் பாப்பான் கடற்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் கலையில் ஆங்கிலேயர் நமக்கு மூத்தவர்கள். 1885-இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் ‘வாண்டரர்’ என்ற கேரவனைச் செய்யச் சொல்லி, இரண்டு குதிரைகளைப் பூட்டி, ஸ்காட்லாந்தை நோக்கிக் கிளம்பினார். வண்டிக்கு முன்னால் அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் போய் வழி பார்த்தார். (அந்தப் பதவி இன்றும் ஒழியவில்லை. கடற்கரையில் வேன் பின்னோக்கி வரும்போது நடுவில் நின்று “வா, வா, வா… போதும்” என்று கையாட்டும் சித்தப்பா அதைத்தான் வகிக்கிறார்.) 1907-இல் இங்கிலாந்தில் கேரவன் வைத்திருப்போருக்கென்று ஒரு சங்கமே உருவாகிவிட்டது. சங்கம் வந்தால் விதி வரும். முகாம் திடலில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு முளை அடித்திருப்பார்கள். வண்டியின் ஒரு மூலை அந்த முளையை ஒட்டி நிற்க வேண்டும். வண்டிக்கும் வண்டிக்கும் இடையே 6 மீட்டர் விட வேண்டும், ஒன்றில் பற்றிய நெருப்பு அடுத்ததற்குத் தாவாமலிருக்க. முளையைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்குமேல் குடும்பத் தலைவர் மூளையைச் செலவழிக்கத் தேவையில்லை. முளைக்கும் மூளைக்கும் உள்ள இந்தத் தலைகீழ் உறவை மொழியியலார் கவனிக்கட்டும்.

ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங்கில் நிலைமை வேறு. பலருக்கு இவ்வூர் தியோமான் தீவுக்குப் படகு ஏறும் துறை மட்டுமே. ஆனால் பத்து பஹாட், குளுவாங் வழியாக 50-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் கிழக்கே வந்து, ஊருக்குச் சற்று வடக்கேயுள்ள ஆயர் பாப்பான் கடற்கரைக்குத் திரும்பும் தமிழ்க் குடும்ப வேன்களுக்குப் படகு தேவையில்லை, கரை போதும். அந்த வேன் கேரவன் அல்லதான். ஆனாலும் பாய், தார்ப்பாய், ஐஸ் பெட்டி, கேஸ் அடுப்பு, இரண்டு சட்டிச் சோறு, பதினோரு பேர் என்று ஒரு வீட்டின் உள்ளடக்கத்தை அது முழுமையாக இடம்பெயர்க்கிறது. ஸ்டேபிள்ஸின் வண்டியில் இவ்வளவு பேர் இல்லை. இத்தனையையும் மணலில் எங்கே இறக்குவது என்ற கேள்விக்கு அங்கே முளையும் கிடையாது, வெள்ளைக் கோடும் கிடையாது. இருந்தும் வேன் நின்ற கால் மணி நேரத்துக்குள் பாய் விரிக்கப்படுகிறது, அதற்குப் பிறகு மாலைவரை அதை யாரும் இடம் மாற்றுவதில்லை. விதியில்லாத இடத்தில் இப்படி ஓர் ஒழுங்கு தானாக வராது. முளை இல்லையே தவிர, முளையின் வேலையை அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பார்க்கிறது, அதில் உட்கார்ந்திருப்பவர் பாட்டி என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இதை எடுத்த எடுப்பிலேயே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நிழல்தான் காரணம் என்பார்கள், அலைதான் என்பார்கள், முதலில் வந்தவன் உரிமை என்பார்கள். அவற்றைப் பார்த்துவிட்டே மேலே போக வேண்டும். நிழலுக்கு மட்டும் சற்றுக் கூடுதல் இடம் ஒதுக்கியாக வேண்டும், அது நகரும் பொருள் என்பதால்.

நிழல் கொள்கை பாமரருக்கும் புரியக்கூடியது: சவுக்கு மரம் இருக்கிறது, அதன் கீழே நிழல் இருக்கிறது, ஆகவே பாய் அங்கே. இதிலுள்ள பிழை ‘கீழே’ என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. மெர்சிங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டரைப் பாகைக்கும் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. இங்கே சூரியன் கடலிலிருந்து எழுந்து, தலைக்கு மேலே ஏறி, நிலத்துக்குள் இறங்குகிறது. கரையோ ஏறக்குறைய வடக்குத் தெற்காக நீள்கிறது. ஆகவே மர நிழல் காலையில் நிலப்பக்கம் விழுந்து, நடுப்பகலில் மரத்தின் காலடிக்குள் ஒடுங்கி, பிற்பகலில் கடற்பக்கம் நீள்கிறது. செப்டம்பர் 16-ஐ எடுத்துக்கொள்வோம். மலேசிய தினம், 2010 முதல் நாடு முழுவதும் பொது விடுமுறை, கடற்கரைக்குக் கூட்டம் வரும் நாள். அதே நாளையொட்டித்தான் சூரியன் மெர்சிங்கின் உச்சியை நேராகக் கடக்கிறது. தேசிய விடுமுறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் இதைக் கருத்தில் கொண்டிருக்க வாய்ப்பில்லை. அன்று 10 மீட்டர் உயர மரம் ஒன்றின் உச்சி நிழல் காலை 10 மணிக்கு மரத்துக்கு மேற்கே 10 மீட்டரில் இருக்கும். பிற்பகல் 4 மணிக்குக் கிழக்கே 10 மீட்டரில் இருக்கும். ஆறு மணி நேரத்தில் 20 மீட்டர். காலையில் நிழலைப் பார்த்துப் பாய் விரித்த குடும்பம் பிற்பகலிலும் நிழலில் இருக்க வேண்டுமானால், பாயை, சட்டியை, தூங்கும் குழந்தையை, பாட்டியை எல்லாம் மரத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். அப்படி யாரும் போவதில்லை. நிழலுக்காகத்தான் அங்கே உட்கார்ந்தோம் என்று சொல்பவர்கள், நிழல் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம் என்று காட்டப்பட்டது மறைந்த பிறகும் விளைவு நீடிக்குமானால், அதைக் காரணம் என்று எந்தத் தருக்க நூலும் ஏற்காது.

நிழல் கொள்கையின் தலையில் விழுந்த இன்னோர் அடி 1982-இல் வந்தது. அவ்வாண்டு சனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. அதன் விளைவுகள் பற்றிப் பேசியவர்கள் அலுவலகத்தைச் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தைச் சொன்னார்கள். கடற்கரைச் சோற்றை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. மேற்படி செப்டம்பர் நாளில் இன்று சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணிக்கு, நிமிடம் முன்பின்னாக. பழைய கடிகாரப்படி அது 12.30. தமிழ்க் குடும்பத்தில் சட்டி திறக்கும் நேரத்தைக் கடிகாரம்தான் முடிவுசெய்கிறது, சூரியனல்ல. காலையில் பசியாறியது சரியாக இருந்தால் 1 மணிக்கு முன்னால் சோற்றைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஆக, 1981 வரை சட்டி திறக்கும்போது உச்சி கடந்து அரை மணி ஆகியிருக்கும், 10 மீட்டர் மரம் கடற்பக்கமாக 1.3 மீட்டர் நிழலைக் கொடுத்திருக்கும். இரண்டு பெரியவர்கள் சம்மணமிட்டு உட்கார அது போதும். 1982 முதல் சட்டி திறக்கும் கணமும் நிழல் அற்றுப்போகும் கணமும் ஒன்றாகிவிட்டன. இந்த 1.3 மீட்டர் இழப்புக்கு இதுவரை யாரும் ஈடு கேட்கவில்லை. அதைவிட முக்கியமாக, யாரும் பாயை நகர்த்தவுமில்லை. நிழல்தான் பாயை ஆள்கிறது என்றால் 1982-க்குப் பிறகு ஆயர் பாப்பானின் பாய்ப் பரவலில் ஒரு மாற்றம் வந்திருக்க வேண்டுமே.

தொல்காப்பியத்தைக் கொண்டுவந்து நிழல் கொள்கையை மீட்கப் பார்ப்பவர்களும் இருப்பார்கள். நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுது எற்பாடு. பகல் சாயும் நேரம் என்பது வழக்கமான பொருள், காலை என்று கொள்வாரும் உண்டு. மெர்சிங் கடற்கரை இந்தப் பழைய விவாதத்தில் ஒரு பக்கம் சாய்கிறது: பகல் சாயும்போதுதான் மர நிழல் கடற்பக்கத்து மணலுக்கு வந்து சேர்கிறது, அப்போதுதான் கரை மனிதர் இருக்கத் தக்கதாகிறது. சரி. ஆனால் நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். நிழல் உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் வந்திருந்தால் யார் எதற்கு இரங்க வேண்டும்? பகல் முழுக்க வெயிலில் காய்ந்துவிட்டு, புறப்படும் நேரத்தில் நிழல் வந்து பாயைத் தொடுவதைப் பார்ப்பவரின் மனநிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. தொல்காப்பியர் நம் பக்கம்தான்.

அலைக் கொள்கை அதிக நேரம் தாங்காது. மெர்சிங்கில் ஏற்றவற்றத்தின் அதிகாரம் பெரிது என்பது உண்மை. ஆற்றின் முகத்துவாரம் ஆழம் குறைந்தது, தியோமான் படகுகள் புறப்படும் நேரத்தையே அலைதான் எழுதுகிறது. ஆனால் படகுக்காரர் அலை அட்டவணையைப் பார்த்துவிட்டு வருகிறார். வேனில் வருபவர்கள் வந்த பிறகுதான் கடலைப் பார்க்கிறார்கள். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் வருபவர், சரிவு குறைந்த அந்த மணலில் கடல் எங்கோ தூரத்தில் கிடப்பதைக் கண்டு ஏமாந்து முன்னே போய் உட்காருவார் என்று எதிர்பார்க்கலாம். இளைஞர்கள் அப்படித்தான் போகிறார்கள், பிறகு ஒரு செருப்பு மிதந்து போவதைக் கண்டு திரும்பி வருகிறார்கள். குடும்பப் பாய் மட்டும் அந்தத் தவறைச் செய்வதில்லை. ஏன் என்ற கேள்விக்கு அலை பதில் சொல்லாது. ஈர மணலில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் புதையும் என்ற பௌதிக உண்மை பதில் சொல்லும். காற்றைப் பற்றி ஒரு வரி போதும்: பகலில் கடற்காற்று நிலத்தை நோக்கி வீசுவதால், அடுப்பைக் கடற்பக்கம் வைத்தவர் தம் பாய்க்கே புகை போடுகிறார், நிலப்பக்கம் வைத்தவர் பின்னால் இருக்கும் குடும்பத்துக்குப் போடுகிறார். முன்னது பிழை, பின்னது பாவம். பாயோரத்து இடமோ வலமோதான் அடுப்புக்கு. இது அடுப்பின் இடத்தைத்தான் சொல்கிறது, பாயின் இடத்தையல்ல.

முதலில் வந்தவன் உரிமை என்பது சட்டம் படித்தவர்கள் எழுப்பும் வாதம் போல ஒலித்தாலும், சட்டம் படித்தவர்கள்தான் அதை எழுப்பக் கூடாது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி, பெருவற்றக் கோட்டிலிருந்து பெருவேலியேற்றக் கோடு வரையிலான மணல் மாநில அரசின் நிலம். மேலும் மலேசிய நிலச் சட்டம் டோரன்ஸ் முறையைச் சேர்ந்தது. பதிவேட்டில் பெயர் இருந்தால் உரிமை, இல்லாவிட்டால் இல்லை. எத்தனை வருடம் அனுபவித்தாலும் அனுபவ பாத்தியதை என்று ஒன்று அங்கே எழாது. ஒரு ஜோடி சிலிப்பரையும் ஒரு தண்ணீர்ப் புட்டியையும் மணலில் வைத்துவிட்டு “இது நம்ம இடம்” என்று குளிக்கப் போகிறவர், நாட்டின் நிலச் சட்ட அடிப்படையையே மறுக்கிறார். ஆனால் நடைமுறையில் அந்தச் சிலிப்பரை யாரும் தொடுவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பதிவு அலுவலகம் இல்லாத இடத்தில் சிலிப்பரே பதிவேடாகிறது. ஆனாலும் சிலிப்பர் தற்காலிகப் பட்டாதான், அதைப் போட்டவர் திரும்பி வரும்வரைதான் செல்லும். பாட்டி உட்கார்ந்த நாற்காலியோ முற்றுரிமைப் பத்திரம். காலியான நாற்காலியை “யாரும் இருக்காங்களா?” என்று கேட்டு நகர்த்திவிடலாம். ஆள் இருக்கும் நாற்காலியை நகர்த்தும் சட்டம் எந்த நாட்டிலும் இல்லை.

இனி நேரடிச் சான்று. வேனிலிருந்து பொருள் இறங்கும் வரிசையைக் கவனித்தால் போதும். முதலில் இறங்குவது குழந்தைகள், அவர்கள் இறங்குவதில்லை, சிந்துகிறார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. பொருள்களில் முதலில் இறங்குவது நாற்காலி, ஏனென்றால் அதை வைக்காமல் பாட்டியை இறக்க முடியாது, பாட்டியை இறக்காமல் அவர் மடியிலிருக்கும் பலகாரப் பெட்டியை இறக்க முடியாது. ஆகவே நாற்காலி விழும் இடம் வேனின் கதவிலிருந்து பாட்டியால் நடக்கக்கூடிய தூரத்துக்குள் அமைகிறது. மணலில் அது அதிகத் தூரமல்ல. பாட்டி உட்கார்ந்துவிட்டார். இதற்குப் பிறகு பாய், நாற்காலியின் காலுக்குப் பக்கத்தில் தன் ஒரு விளிம்பை வைத்து விரிகிறது, கேரவன் தன் மூலையை முளையில் வைப்பது போலவே. அவர் குனியாமல் எட்டக்கூடிய இடத்தில் ஐஸ் பெட்டி வராது, அதில் குளிர்பானம் இருப்பதால். வெந்நீர்க் குடுவை வரும். சட்டிகள் அவர் கண்பார்வைக்குள் வரும், யாருக்கு எத்தனை துண்டு போகிறது என்பது தெரிய வேண்டும். தார்ப்பாயின் ஒரு முனை மரத்தில், மறுமுனை வேனின் கூரைக் கம்பியில், அதன் நிழல் எங்கே விழ வேண்டும் என்று கேட்கவே வேண்டாம். தார்ப்பாய் எட்டவில்லையென்றால் வேனைக் கிளப்பி நகர்த்துகிறார்கள். ஒன்றரை டன் வேன் நகர்கிறது, இரண்டு கிலோ நாற்காலி நகர்வதில்லை. எது முளை, எது வண்டி என்பதற்கு இதற்குமேல் சோதனை தேவையில்லை. நிழல் பாட்டியைத் தேடி வருகிறதே தவிர, பாட்டி நிழலைத் தேடிப் போவதில்லை என்றும் இதைச் சொல்லலாம்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் மிகவும் வலுவானது பாட்டியின் வாயிலிருந்தே வருகிறது. “எங்க போடலாம் பாட்டி?” என்று கேட்டால் அவர் சொல்வது, “எங்கயாச்சும் போடுங்கப்பா, எனக்கென்ன.” விருப்பமே இல்லாத ஒருவர் எப்படி முடிவெடுப்பவராக முடியும் என்று கேட்கலாம். இந்த மறுப்பு முளையின் இயல்பைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் எழுகிறது. முளை எங்காவது விருப்பம் தெரிவித்ததுண்டா? அதன் பயனே அது பேசாமலும் நகராமலும் இருப்பதில்தான் இருக்கிறது. ஆணையிடும் மாமாவின் கட்டளைகளை மற்றவர்கள் எதிர்த்துப் பேசலாம், பேசுகிறார்கள், பாதி நேரம் அதில்தான் போகிறது. “எங்கயாச்சும்” என்ற சொல்லை எதிர்த்துப் பேச வழியே இல்லை. அதைக் கேட்ட மற்ற பத்துப் பேரும் ஆளுக்கொரு திசையில் சிறந்த இடத்தைத் தேட ஆரம்பிக்கிறார்கள், கடைசியில் அவர் இறங்கக் காத்திருக்கும் கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலியை வைக்கிறார்கள்.

பாட்டியில்லாத வேன்கள் உண்டே என்பது அடுத்த மறுப்பு. தொழிற்சாலை இளைஞர்கள், கல்லூரி நண்பர்கள், சிங்கப்பூரிலிருந்து விடிகாலையில் எல்லை தாண்டி வரும் கூட்டம். உண்டு, அவர்களே நம் கருதுகோளுக்கு ஆகச் சிறந்த சாட்சிகள். அவர்களின் முகாமில் ஐஸ் பெட்டிதான் முளை, ஆனால் ஐஸ் பெட்டிக்குப் பிடி இருக்கிறது. அதனால் அது காலையில் மரத்தடியிலும், நடுப்பகலில் வேனின் பின்புறத்திலும், மாலையில் நீரோரத்திலும் காணப்படுகிறது, கூட்டமும் அதன் பின்னே போகிறது. நாள் முடிவில் யாருடைய கைப்பேசி எங்கே என்று தெரிவதில்லை. முளையைப் பிடுங்கினால் முகாம் நாடோடியாகும். இன்னும் சில வேன்களில் பாட்டி வருகிறார், ஆனால் இறங்க மறுக்கிறார். “கால் வலிக்குது, நான் இங்கயே இருக்கேன்.” அப்போது பாய் வேனின் பக்கக் கதவையொட்டி, டயரின் அருகே, எண்ணெய் வாடையில் விரிக்கப்படுகிறது. கடலைப் பார்க்க 80 கிலோமீட்டருக்கு மேல் வந்த குடும்பம் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. நிழலாலோ அலையாலோ இக்காட்சியை விளக்க முடிந்தால் விளக்கட்டும்.

அண்டைப் பாய்க்கு எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பது தனி இயலாக விரியக்கூடியது. எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966-இல் வெளிவந்த நூலில், மனிதர்கள் ஒருவருக்கொருவர் விடும் இடைவெளியை அளந்து வகைப்படுத்தினார்: 45 சென்டிமீட்டர் வரை நெருக்கம், 1.2 மீட்டர் வரை தனிப்பட்டது, 3.6 மீட்டர் வரை சமூகப் பழக்கம், அதற்கப்பால் பொதுவெளி. ஆங்கிலேயரின் 6 மீட்டர் இதில் பொதுவெளிக்குள் விழுகிறது, அங்கே அண்டை வண்டிக்காரரிடம் வானிலை பற்றி மட்டும் பேசப்படும். ஆயர் பாப்பானில் அடுத்தடுத்த இரண்டு தமிழ்ப் பாய்களும் தொடக்கத்தில் இதே மரியாதையான தூரத்தில்தான் விரிகின்றன. பிறகு ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு ஒரு கேள்வி போகிறது: “நீங்க எந்தத் தோட்டம்?” தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்ககத்துக்கு வந்து ஒரு தலைமுறை ஆன பிறகும் இக்கேள்விக்குப் பதில் தயாராக இருக்கிறது. பதில் வந்ததும் ஒரு கங்காணி, ஒரு கோயில், ஒரு திருமணம் என்று போய், மூன்றாவது வாக்கியத்தில் உறவு முறை கண்டுபிடிக்கப்பட்டுவிடும். ஹாலின் நான்கு வட்டங்களையும் ஒரு தட்டு இறால் சம்பல் குறுக்கே கடக்கிறது. நாற்காலிகள் அப்போதும் நகரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாய்கள்தான், யாரும் இடம் மாற்றாமலே, ஒன்றையொன்று நோக்கி மெல்ல ஊர்ந்து, விளிம்பு சேர்கின்றன. ஜொகூரில் வார விடுமுறை 2014 முதல் வெள்ளியும் சனியுமாக இருந்து, 2025 முதல் மீண்டும் சனி ஞாயிறாகிவிட்டதால், கோலாலம்பூரிலிருந்து வருபவர்களும் உள்ளூர்க்காரர்களும் இப்போது விடுமுறையின் இரண்டு நாளும் ஒன்றாக வருகிறார்கள். இனி கேள்விக்குக் கிடைக்கும் பதில்களில் சிலாங்கூர் தோட்டங்களும் சேரும், உறவு கண்டுபிடிக்க ஒன்றிரண்டு வாக்கியம் கூடுதலாக ஆகலாம்.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு சிக்கல், அதை ஆங்கிலேய விதிநூல்கள் கற்பனைகூடச் செய்ததில்லை. ஒரு வண்டிக்கு ஒரு முளை என்பது அங்கே. இங்கே, புதிதாகத் திருமணமான வீட்டு வேனில் இரண்டு பாட்டிகள் வரக்கூடும், பெண்வீட்டார் ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் ஒருவர். இரண்டு முளைகளுக்கு ஒரு பாயை எப்படிப் பொருத்துவது? பாயை ஒருவர் பக்கம் விரித்தால் மற்றவர் விருந்தாளியாகிவிடுவார். ஒருவர் மரத்தடியிலும் மற்றவர் அவருக்கு முன்னே கடலை நோக்கியும் என்றால், காலையில் ஒருவருக்கு நிழல், மாலையில் இன்னொருவருக்கு, அன்றைய கணக்கு அடுத்த தீபாவளிவரை பேசப்படும். நிழல் கிழக்கு மேற்காகப் பயணிக்கிறது என்று மேலே நிறுவியது இங்கேதான் பயன்படுகிறது. இரண்டு நாற்காலிகளையும் கரைக்கு இணையாக, வடக்குத் தெற்காக, மரத்திலிருந்து ஒரே தூரத்தில் போட்டு, நடுவில் பாயை விரிக்க வேண்டும். அப்போது தார்ப்பாய் இருவருக்கும் பாதிப் பாதி, நிழல் இருவரையும் ஒரே நிமிடத்தில் விட்டுப் போகும், ஒரே நிமிடத்தில் வந்து சேரும். செப்டம்பர் 16 பிற்பகல் 1 மணிக்குச் சட்டியைத் திறந்து இருவருக்கும் பரிமாறும்போது இருவர் தலையிலும் ஒரே அளவு வெயில் அடிக்கும். அடுப்பு யார் பக்கம் என்பதை மட்டும் மருமகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.